ஒரே வகுப்பு, மூன்று ராணுவம்

மத்தியப் பிரதேசத்தில் உள்ள ரீவா சைனிக் பள்ளியில் 1970களின் தொடக்கத்தில் ஐந்தாம் வகுப்பு ‘ஏ’ பிரிவில் இரண்டு பையன்கள் ஒன்றாகப் படித்தார்கள். 2024 ஏப்ரல் 30 அன்று அவர்களில் ஒருவரான தினேஷ் திரிபாதி கடற்படைத் தளபதி ஆனார். சரியாக இரண்டு மாதம் கழித்து, ஜூன் 30 அன்று, மற்றவரான உபேந்திர துவிவேதி தரைப்படைத் தளபதி ஆனார். இரண்டு பள்ளித் தோழர்கள் ஒரே சமயத்தில் இரண்டு படைகளுக்குத் தலைமை தாங்குவது இதுவே முதல் முறை என்று பாதுகாப்பு அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளர் பெருமைப்பட்டுக்கொண்டார். பத்திரிகைகள் பழைய வருகைப் பதிவேட்டைத் தேடிப் போயின. பழைய மாணவர் சங்கம் எதற்கும் இதைவிட இனிய செய்தி வாய்க்காது.

பள்ளிக்கூடம் என்றால்தான் இது புதுமை. பயிற்சி அகாதெமி என்று பார்த்தால் பழகிப்போன விஷயம். ராணுவத்தில் சகபாடிக்கு ‘கோர்ஸ்மேட்’ என்று பெயர். 1991-ல் முப்படைத் தளபதிகளாக இருந்த ரோட்ரிக்ஸ், ராம்தாஸ், சூரி மூவரும் கோர்ஸ்மேட்கள். கடக்வாஸ்லாவில் தேசியப் பாதுகாப்பு அகாதெமி எழும்புவதற்கு முன்பு, அதன் முன்னோடியாக 1949-ல் டேராடூனில் தொடங்கப்பட்ட முப்படைப் பயிற்சிப் பிரிவில் சேர்ந்தவர்கள். 2019 டிசம்பரில் நரவணே பொறுப்பேற்றபோது அவரும் கடற்படையின் கரம்பீர் சிங்கும் விமானப்படையின் பதௌரியாவும் அகாதெமியின் 56-வது கோர்ஸ். மூவரின் தந்தையரும் விமானப்படையில் வேலை பார்த்தவர்கள் என்பது உபரித் தகவல். 2022-ல் மனோஜ் பாண்டே வந்தபோது மீண்டும் அதே கதை. இந்த முறை 61-வது கோர்ஸ்.

இதெல்லாம் ஒரே நாட்டின் சமாச்சாரம். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் படித்த மூன்று பேர் மூன்று நாடுகளின் ராணுவங்களுக்குத் தலைமை தாங்கிய விசித்திரமும் டேராடூனுக்குச் சொந்தமானது. அந்த வகுப்பின் செய்திகளைச் சேகரித்து யாராவது ஆண்டு மலர் போட்டிருந்தால் அது துணைக் கண்டத்தின் சரித்திரமாக இருந்திருக்கும்.

1932 அக்டோபர் 1 அன்று டேராடூனில் இந்திய ராணுவ அகாதெமி திறந்தது. முன்பு ரயில்வே அதிகாரிகளுக்குப் பயிற்சி அளித்த கல்லூரிக் கட்டடத்தில்தான் முதல் வகுப்புகள் நடந்தன. அதுவரை இந்திய இளைஞன் அதிகாரி ஆக வேண்டுமென்றால் கப்பலேறி சாண்ட்ஹர்ஸ்ட் போக வேண்டும். அங்கும் இந்தியர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. டேராடூன் முதல் அணிக்கு 40 பேர். திறந்த போட்டித் தேர்வில் 15 பேர், சிப்பாய்களாக இருந்தவர்களிலிருந்து 15 பேர், சமஸ்தானப் படைகளிலிருந்து 10 பேர் என்று பங்கீடு. இறுதிவரை தாக்குப்பிடித்து அதிகாரியாக வெளியே வந்தவர்கள் 22 பேர். ‘முன்னோடிகள்’ என்பது அந்த அணிக்கு அகாதெமி வைத்திருக்கும் பெயர்.

தேர்வு எழுதி வந்தவர்களில் ஒருவர் அமிருதசரஸைச் சேர்ந்த பார்சி டாக்டரின் மகன் சாம் மானெக்‌ஷா. வயது 18. மருத்துவம் படிக்க லண்டன் அனுப்பும்படி அப்பாவிடம் கேட்டார். அப்பா மறுத்தார். அந்தக் கோபத்தில் ராணுவத் தேர்வை எழுதினார். பிள்ளையின் கோபத்தால் தேசத்துக்கு லாபம் கிடைத்த அரிய உதாரணம்.

மற்ற இருவரும் கீழிருந்து மேலே வந்தவர்கள். குவெட்டாவின் ஹஸாரா சமூகத்தைச் சேர்ந்த முகமது மூசா 1926-ல் சாதாரண ஜவானாகச் சேர்ந்தவர். ஸ்மித் டன் பர்மாவின் கரேன் இனத்தவர், கிறிஸ்தவர், பர்மா ரைஃபிள்ஸ் படையிலிருந்து வந்தவர். அப்போது பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். 1937-ல்தான் பிரிந்தது. இருவரும் இருபதுகளின் நடுவில் இருந்தார்கள். பள்ளியிலிருந்து நேராக வந்த பையன்களுக்கு இவர்கள் அண்ணன்மார் போலத்தான் இருந்திருப்பார்கள். டன்னின் உயரம் மட்டும் அதற்கு இடம் தந்திருக்காது. பின்னாளில் அவர் எழுதிய நினைவுக் குறிப்புக்குத் தலைப்பே ‘நாலடிக் கர்னலின் நினைவுகள்’ என்பதுதான்.

அவர்கள் அதிகாரிகளாகி ஏழு ஆண்டுகளுக்குள் உலகப் போர் வந்தது. 1942 பிப்ரவரியில் பர்மாவின் சிட்டாங் ஆற்றங்கரையில் மானெக்‌ஷாவின் வயிற்றை ஜப்பானியக் குண்டுகள் துளைத்தன. பிழைக்க மாட்டார் என்று நினைத்த மூத்த அதிகாரி கோவன் தன் சட்டையிலிருந்த மிலிட்டரி கிராஸ் பதக்கத்தைக் கழற்றி அவருக்குக் குத்தினார். பதக்கம் இறந்தவருக்குக் கிடைக்காது என்பது காரணம். குத்தப்பட்டவர் அதற்குப் பின் 66 ஆண்டுகள் வாழ்ந்தார்.

1947-ல் நாடு பிரிந்தபோது ராணுவமும் பிரிந்தது. பீரங்கி, லாரி, மேஜை நாற்காலி முதல் ரெஜிமென்ட்களின் வெள்ளிப் பாத்திரங்கள் வரை பங்கு போடப்பட்டன. மனிதர்களைப் பங்கு போடுவதற்கு விதி இருந்தது. பாகிஸ்தான் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம் அதிகாரி இந்தியாவைத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்தியப் பகுதியைச் சேர்ந்த இந்து பாகிஸ்தானைத் தேர்ந்தெடுக்க முடியாது. குவெட்டாவின் மூசாவுக்கு ஆக யோசிக்க ஒன்றுமில்லை. மானெக்‌ஷாவின் கதை வேறு மாதிரி. அவர் இந்தியாவில் இருந்தார், அவர் வளர்ந்த ஃபிரான்டியர் ஃபோர்ஸ் பட்டாளம் பாகிஸ்தானுக்குப் போனது. அவரோடு குண்டடி பட்டவர்களின் பட்டாளம் மறுநாளிலிருந்து அந்நிய ராணுவம். கூர்க்காக்கள் அவரைத் தத்தெடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஆகஸ்டின் முதல் வாரத்தில் டெல்லி ஜிம்கானா கிளப்பில் ஒரு பிரிவுபசார விருந்து நடந்தது. இந்து சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் துப்பாக்கியோடு தோளுரசி நிற்கும் வெள்ளிச் சிலையை, போகிறவர்களிடம் இருக்கிறவர்கள் சார்பில் காரியப்பா வழங்கினார். சில வாரங்களில் பஞ்சாப் எரிந்தது. அக்டோபரில் காஷ்மீரில் சண்டை தொடங்கியது. விருந்துக்கு வந்தவர்களில் பலர் எதிரெதிர் வரைபடங்களின் முன் நின்றார்கள்.

மூவரில் முதலில் உச்சிக்குப் போனவர் ஸ்மித் டன். முதலில் விழுந்தவரும் அவர்தான். 1948 ஜனவரி 4 அன்று பர்மா சுதந்திரம் அடைந்தபோது அதன் ராணுவத்துக்கு அவர் தலைமைத் தளபதி. வயது நாற்பதைத் தாண்டி ஓரிரு ஆண்டுகள். பர்மியர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் சிறுபான்மை கரேன் ஒருவர் தளபதியாக இருந்தது, பிரிட்டிஷார் கரேன், கச்சின், சின் இனத்தவரை அதிகம் சேர்த்து உருவாக்கிய ராணுவத்தின் தொடர்ச்சி. ஜப்பானியர் காலத்தில் ஆங் சான் திரட்டிய பர்மிய வீரர்களும் அதே ராணுவத்தில் இப்போது இருந்தார்கள். இரு சாராரும் உலகப் போரில் வெவ்வேறு பக்கம் நின்றவர்கள். கசப்பு ஆறவில்லை.

கரேன்கள் தனி நாடு கேட்டார்கள். முதலில் கம்யூனிஸ்டுகள் கிளர்ந்தெழுந்தார்கள், அவர்களை அடக்க டன்னின் கரேன் பட்டாளங்களைத்தான் அரசு நம்பியிருந்தது. 1949 ஜனவரி இறுதியில் ரங்கூனை ஒட்டிய இன்செய்னில் கரேன்களோடு போர் வெடித்தது. டன் அரசுக்கு விசுவாசமாகத்தான் இருந்தார். ஆனால் கலகக்காரர்கள் அவருடைய இனத்தவர். தன் மக்களைச் சுட உத்தரவிடும் தளபதியை அந்த மக்கள் மன்னிக்க மாட்டார்கள். உத்தரவிடத் தயங்குவார் என்று சந்தேகிக்கும் அரசு அவரை வைத்துக்கொள்ளாது. பிப்ரவரி தொடங்கியபோது அவர் பதவியில் இல்லை. விடுப்பு என்று மரியாதையாகப் பெயர் வைத்தார்கள். திரும்பி வர முடியாத விடுப்பு. விமானப்படையின் கரேன் தளபதியும் நீக்கப்பட்டார். தளபதியாக இருந்தது ஓராண்டும் சொச்சமும். அப்போது அவருடைய கோர்ஸ்மேட்கள் இருவரும் தலைமைப் பதவிக்கு இன்னும் எத்தனையோ படிகள் கீழே இருந்தார்கள்.

அவர் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தவர் நே வின். 1962-ல் நாட்டையே எடுத்துக்கொண்டார். கடைகளையும் வணிகத்தையும் அவர் அரசுடைமை ஆக்கியதில் லட்சக்கணக்கான இந்தியர்கள் பிழைப்பிழந்து கப்பலேறினார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். சென்னையின் பர்மா பஜாரும் தமிழக ஊர்களின் பர்மா காலனிகளும் அப்படி முளைத்தவை. டன் நீடித்திருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்வது மிகையாகிவிடும். நாற்காலி கை மாறிய நாள் எது என்று அந்தக் காலனிக்காரர்கள் தெரிந்து வைத்துக்கொள்வதில் மட்டும் தவறில்லை. கரேன்களின் போர் அன்று தொடங்கியதுதான். இன்றுவரை தீர்வு இல்லை.

அடுத்தவர் மூசா. 1958 அக்டோபரில் அயூப் கான் ஆட்சியைக் கைப்பற்றியபோது ராணுவத்தை ஒப்படைக்க ஒரு நம்பகமான ஆள் தேவைப்பட்டது. அரசியல் ஆசை இல்லாதவர், சிறிய சமூகத்தைச் சேர்ந்தவர், சொன்னதைச் செய்பவர் என்று கணக்குப் போட்டால் மூசாதான் வருவார். ஜவானாகச் சேர்ந்தவர் 32 ஆண்டுகளில் தலைமைத் தளபதி ஆனார். எட்டு ஆண்டுகள் இருந்தார். 1965 யுத்தம் அவருடைய காலத்தில் நடந்தது.

அந்த யுத்தத்தை ஒரு பழைய மாணவர் சந்திப்பு என்றே சொல்லலாம். பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் இந்தியத் தரைப்படைத் தளபதி ஜே.என். சௌத்ரியும் சாண்ட்ஹர்ஸ்டில் ஒன்றாகப் பயின்று 1928 பிப்ரவரி 2 அன்று ஒன்றாக அதிகாரி ஆனவர்கள். பாகிஸ்தான் தளபதி மூசாவின் டேராடூன் சகபாடியான மானெக்‌ஷா கிழக்கு ராணுவக் கட்டளைக்குப் பொறுப்பாகக் கல்கத்தாவில் இருந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் கட்ச் பாலையில் மோதல் நடந்தபோது பாகிஸ்தான் விமானப்படைத் தளபதி அஸ்கர் கான் இந்தியத் தளபதி அர்ஜன் சிங்குக்குத் தொலைபேசியில் பேசினார். இரு விமானப்படைகளும் ஒதுங்கியிருந்தன. அவர்கள் சகபாடிகள் அல்ல, பிரிவினைக்கு முந்தைய சகாக்கள். ஜூலையில் அஸ்கர் கான் பதவி விலகினார். செப்டம்பரில் அப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வரவில்லை.

ஒரு நூலுக்குப் பாயிரம் எழுதத் தகுதி உடையவர் யார் என்று நன்னூல் பட்டியல் போடுகிறது. ஆசிரியர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோருடன் கூடப் படித்தவரையும் அது சேர்த்துக்கொள்கிறது. ஒருவருடைய பலம் எது, பாசாங்கு எது என்று கூடப் படித்தவருக்குத் தெரியும் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். இந்தத் தகுதி யுத்தத்திலும் உதவியிருக்கலாம். 1965-ன் முடிவைப் பார்த்தால், இரு தரப்பும் எதிராளியைக் குறைத்து மதிப்பிட்டதுதான் தெரிகிறது. இளமையில் பழகிய நினைவு அந்தத் தவறுக்கு எவ்வளவு தூரம் காரணம் என்று எந்த ராணுவ ஆய்வாளரும் அளந்து சொல்லப்போவதில்லை.

மூசா 1966-ல் ஓய்வு பெற்றார். 1983-ல் அந்த யுத்தத்தைப் பற்றிப் புத்தகம் எழுதினார். காஷ்மீருக்குள் ஊடுருவும் திட்டத்தில் தனக்கு உடன்பாடு இருக்கவில்லை என்பது அதில் அவர் எடுத்த நிலை. உடன்பாடு இல்லாத தளபதி ஏன் பதவியில் நீடித்தார் என்ற கேள்வி வாசகருக்கு எழும். ஜவானாக இருந்து வந்தவருக்கு ராஜினாமா என்ற சொல் அவ்வளவு எளிதில் வாயில் வராது என்பது ஒரு பதில்.

மானெக்‌ஷா ஏறக்குறைய டன்னின் வழியில் போயிருக்க வேண்டியவர். 1959-ல் நீலகிரியின் வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரிக்குத் தலைவராக வந்தார். மனதில் பட்டதை அடக்காமல் பேசும் வழக்கம் அவருக்கு. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுக்கும் அவருக்குப் பிடித்த ஜெனரல் பி.எம். கௌலுக்கும் அது ரசிக்கவில்லை. தேசவிசுவாசத்தையே கேள்விக்கு உள்ளாக்கும் புகார்களோடு விசாரணை மன்றம் அமைக்கப்பட்டது. வயது 47. இந்த வயதில் வேலை போனால் வேறு வேலையும் கிடையாது, உள்ள வேலையில் கௌரவமும் கிடையாது என்பதை அரசு ஊழியர்கள் அறிவார்கள். விசாரணை மன்றம் அவர்மீது குற்றமில்லை என்றது. ஆனாலும் பதவி உயர்வு தேங்கியே நின்றது. 1962 நவம்பரில் சீனப் படை வந்து எல்லாவற்றையும் மாற்றியது. மேனன் போனார், கௌல் போனார். கௌலின் நான்காவது கோரை எடுத்து நடத்தும்படி தேஜ்பூருக்கு அனுப்பப்பட்டவர் மானெக்‌ஷா. நாடு தோற்காமல் இருந்திருந்தால் அவர் மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றிருப்பார்.

இரு கோர்ஸ்மேட்களும் தளபதிகளாக நேருக்கு நேர் நின்றதில்லை. மூசா இறங்கி மூன்று ஆண்டுகள் கழித்துத்தான், 1969-ல், மானெக்‌ஷா ஏறினார். மூசாவின் இடத்துக்கு வந்திருந்தவர் யாஹ்யா கான். இவரையும் மானெக்‌ஷாவின் வகுப்புத் தோழர் என்று எழுதுகிறவர்கள் உண்டு. தவறு. யாஹ்யா டேராடூனில் சில ஆண்டுகள் இளையவர். 1947-ல் டெல்லி ராணுவத் தலைமையகத்தில் இருவரும் ஒரே பிரிவில் வேலை பார்த்தார்கள். மானெக்‌ஷாவின் ஜேம்ஸ் மோட்டார் சைக்கிளை ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு பாகிஸ்தான் போன யாஹ்யா பணத்தை அனுப்பவே இல்லை, பதிலாக 1971-ல் பாதி நாட்டைக் கொடுத்துக் கடனைத் தீர்த்தார் என்று மானெக்‌ஷா வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்தப் ‘பாதி நாட்டில்’ அந்த ஆண்டு இறந்தவர்களை நினைத்தால் வேடிக்கை சற்றே கசக்கும். 1972 இறுதியில் காஷ்மீரின் புதிய கட்டுப்பாட்டுக் கோட்டைப் பேசி முடிக்க அவர் லாகூர் போனார். எதிரே அமர்ந்தவர் டிக்கா கான்.

அந்தத் தலைமுறையோடு எல்லைக்கு அந்தப் பக்கமும் கோர்ஸ்மேட் இருந்த காலம் முடிந்தது. இப்போது எல்லாரும் வீட்டுக்குள்ளேயே. போட்டியும் வீட்டுக்குள்ளேதான். பதினெட்டு வயதில் ஒரே அறையில் தூங்கி, ஒரே தண்டனைக்குச் சேர்ந்து ஓடியவர்கள் நாற்பதை நெருங்கும்போது தேர்வுக் குழுக்கள் அவர்களைப் பிரிக்கின்றன. லெப்டினன்ட் கர்னல்களில் சிலருக்கே கர்னல் பதவி, கர்னல்களில் சிலருக்கே பிரிகேடியர் பதவி. கர்னலுக்கு 54 வயதில் ஓய்வு, பிரிகேடியருக்கு 56, மேஜர் ஜெனரலுக்கு 58, லெப்டினன்ட் ஜெனரலுக்கு 60. தளபதி மட்டும் 62 வரை. ஒரே நாளில் சீருடை அணிந்தவர்கள் எட்டு ஆண்டு இடைவெளியில் கழற்றுகிறார்கள். தனியே இருக்கையில் பெயர் சொல்லி அழைக்கும் நண்பரை அணிவகுப்பில் ‘சார்’ என்று சல்யூட் அடிக்க வேண்டியிருக்கிறது. மனைவிமார் இதைக் கணவன்மாரைவிடத் துல்லியமாகக் கணக்கு வைத்திருப்பார்கள். பிள்ளை பிளஸ் டூ படிக்கும் ஆண்டில் பட்டியலில் பெயர் இல்லை என்ற செய்தி வரும் வீடுகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவதில்லை. வருகைப் பதிவேட்டைத் தேடிப் போக அங்கே யாரும் தளபதி ஆகவில்லை. 2025 மே 30 அன்று கடக்வாஸ்லாவிலிருந்து வெளிவந்த 148-வது கோர்ஸில் முதல் முறையாக 17 பெண்கள் இருந்தார்கள். இந்தக் கணக்கு இனி அவர்களுக்கும் உண்டு.

1991 தளபதிகளின் பிற்காலம் தனிச் சுவை. ரோட்ரிக்ஸ் 2004-ல் பஞ்சாப் ஆளுநர் ஆனார். அதே ஆண்டு ராம்தாஸ், பாகிஸ்தானின் ஐ.ஏ. ரஹ்மானோடு சேர்ந்து மக்சேசே விருது பெற்றார். இரு நாட்டு மக்களும் சந்தித்துப் பேச வழி தேடியதற்காகக் கிடைத்த விருது அது. ஒரே கோர்ஸில் படித்தவர்கள் ஒரே மாதிரி யோசிப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

டேராடூன் மூவரில் ஸ்மித் டன் 1979-ல் காலமானார். அவருடைய நினைவுக் குறிப்பை மறு ஆண்டு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் வெளியிட்டது. மூசா 1985-ல் பலூசிஸ்தான் ஆளுநராகி, அந்தப் பதவியில் இருக்கும்போதே 1991 மார்ச்சில் இறந்தார். ஷியா பிரிவினரான அவரை ஈரானின் மஷாத் நகரில் அடக்கம் செய்தார்கள்.

மானெக்‌ஷா குன்னூரில் ‘ஸ்டாவ்கா’ என்று பெயரிட்ட வீட்டில் ஓய்வுக்காலத்தைக் கழித்தார். ரஷ்ய ராணுவத் தலைமையகத்துக்கு உள்ள பெயர் அது. ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது என்பதால் முழுச் சம்பளம் தர வேண்டும் என்பது விதி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது தரப்படவில்லை. அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது கவனித்து, 2007-ல் ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பாக்கித் தொகை காசோலையாக வந்தது. 2008 ஜூன் 27 அன்று, 94-வது வயதில், வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். ஒரு காலத்தில் அவர்மீது விசாரணை நடந்தபோது அவர் பணியாற்றிய கல்லூரி அங்கிருந்து கூப்பிடு தூரம். இறுதிச் சடங்குக்குப் பிரதமர் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சர் வரவில்லை. இணை அமைச்சர் பல்லம் ராஜு வந்தார். உதகமண்டலத்தில் உள்ள பார்சி கல்லறையில், மனைவி ஸில்லுவுக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.